பன்னிரண்டரை வோல்ட்

…அதிலும் மனிதத் தோலின் நிறத்தில் இருந்தது அது, காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்திரி, பிரேக் ஒயரை முறுக்கி இணைத்துவிட்டு அதன்மேல் பிளாஸ்திரியைச் சுற்றியிருக்கிறார், கறுப்பு டேப் என்று ஒன்றை உலகம் முழுவதும் விற்கிறார்களே, அது அவர் கண்ணில் பட்டதே இல்லையா, சரி, பிளாஸ்திரிதான் கைக்கு அகப்பட்டது என்றால் புதிதாகப் பிரித்ததாகவாவது இருக்கக் கூடாதா, ஓரத்தில் ஒரு மயிர் ஒட்டியிருந்தது, குட்டையான, சுருண்ட மயிர், உடம்பில் எந்த இடத்து மயிர் என்று எண்ணாமலிருக்க முயன்றேன், முயன்றதாலேயே எண்ணினேன். அக்கா வீட்டு முற்றத்தின் சிமெண்டுத் தரையில் மல்லாந்து கிடந்தேன், முகத்துக்கு ஒரு சாண் மேலே, காருக்குப் பின்னால் பூட்டி இழுக்கும் கேரவனின் அடிவயிறு, பாத்திரம் கழுவும் தொட்டியின் குழாயிலிருந்து நேற்றைய எச்சில் தண்ணீர் காதுக்குப் பக்கத்தில் சொட்டிக்கொண்டிருந்தது. இது அத்தானின் கைவேலை என்பதற்குச் சாட்சி தேவைப்படவில்லை, ஒயரின் மேலுறையில் பல் பதிந்திருந்தது, நடுவில் சற்றே விலகிய இரண்டு முன்பற்கள், பன்னிரண்டு ஆண்டுகளாக, அக்காவின் திருமணப் படத்திலிருந்தே நான் பார்த்துவரும் பற்கள், புட்டியின் மூடி, பிஸ்கட் உறை, தையல் நூல், எதையும் பல்லால்தான் பிரிப்பார், அப்படிக் கடித்து இழுக்கும்போது செம்பு இழைகளில் முக்கால்வாசி உறையோடு போய்விடும் என்று அவருக்கு யார் சொல்வது, போனவற்றைத் துப்பியிருப்பார், எங்கே துப்பினார், ஒருவேளை இங்கேயே, என் தலை இருக்கும் இடத்தில்… தலையைச் சற்று நகர்த்திக்கொண்டேன்.

நேற்று மாலை, நீண்ட இறக்கம் ஒன்றில், இந்தச் சக்கர வீடு காருக்குப் பின்னால் வாலாட்டத் தொடங்கியிருக்கிறது. ஓட்டியவள் அக்கா, பின்னிருக்கையில் குழந்தைகள் இருவர், பக்கத்தில் அத்தான், அவர் அப்போது எதைக் கடித்துக்கொண்டிருந்தாரோ. காரின் பின்புறத்தை வலப்பக்கம் ஒரு தள்ளு, இடப்பக்கம் ஒரு தள்ளு, எதிரே லாரி, அக்கா பதறாமல் வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து ஓரங்கட்டியிருக்கிறாள், அவள் அப்படித்தான், பதற்றத்தைப் பிறகு தனியாக வைத்துக்கொள்வாள். தொலைபேசியில்கூட அவள் கத்தவில்லை, நீ சரின்னு சொன்னதாலதான் புள்ளைங்கள ஏத்திட்டுப் போனேன் தம்பி, அவ்வளவுதான், அந்த ஒரு வரியைச் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். இருபது ஆண்டுகளாக வண்டிகளுக்கு ஒயரிங் பார்க்கிறேன், அந்த வரிக்கு என்ன பொருள் என்று எனக்குத் தெரியும். கேரவனின் ஒவ்வொரு சக்கரத்துக்குள்ளும் பிரேக்கைப் பிடிக்க ஒரு மின்காந்தம் இருக்கிறது, முன்னால் காரோடு இணையும் இரும்புச் சட்டத்தின்மேல் ஒரு சிறிய பெட்டி, வீடு பக்கவாட்டில் ஆடுவதை உணர்ந்தவுடன் யாரும் சொல்லாமலே அந்தக் காந்தங்களுக்கு மின்சாரம் அனுப்பும், ஓடும் நாயைக் கழுத்துப்பட்டையைப் பிடித்து நிறுத்துவதுபோல வீட்டைப் பின்னுக்கு இழுத்து நேராக்கும், பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தால் எல்லாம் நலம் என்று பொருள். ஆட்டம் தொடங்கியதும் பச்சை அணைந்ததைப் பின்கண்ணாடி வழியே மூத்தவள் பார்த்திருக்கிறாள், வண்டி நின்றதும் அது மறுபடி எரிந்ததாம், தேவைப்படாதபோது இருந்து தேவைப்பட்டபோது ஓடிப்போன விளக்கு, எனக்கு உடனே அத்தானின் நினைவு வந்தது, அதற்காக நான் வெட்கப்படவுமில்லை.

மீட்டரின் முனைகளை வைத்தேன், பன்னிரண்டரை வோல்ட், அழகான எண், ஒரே ஓர் இழை மிஞ்சியிருந்தாலும் மீட்டர் இந்த எண்ணைத்தான் காட்டும், ஏனென்றால் மீட்டர் அந்த ஒயரிடம் எதையும் கேட்பதில்லை, பச்சை விளக்கும் பெரிதாக எதையும் கேட்பதில்லை, காந்தங்கள்தான் கேட்கும், பத்து ஆம்பியருக்குமேல் கேட்கும், அப்போது தெரியும் ஒயரின் யோக்கியதை. கருவிப்பெட்டியிலிருந்து பழைய ஹெட்லைட் பல்பை எடுத்து லோடாக, ஒயர் இழுக்க வேண்டிய சுமையாகக் கொடுத்தேன், பல்பு செம்மண் நிறத்தில் ஒரு கோடு போட்டுவிட்டு அடங்கியது, மீட்டரில் நான்கு, பிளாஸ்திரி வெதுவெதுப்பாகி அதிலிருந்து மருந்தும் வியர்வையும் கலந்த ஒரு வாடை எழுந்தது. லோடு கொடுக்காமல் வோல்ட் பார்ப்பவனை எலக்ட்ரீஷியன் என்று நான் ஒப்புக்கொள்வதே இல்லை, கடைச் சுவரில் பெரிய எழுத்தில் எழுதியே வைத்திருக்கிறேன், அப்படிப் பார்த்துவிட்டு வந்த இருவரை வேலையிலிருந்து அனுப்பியும் இருக்கிறேன்… இரண்டு வாரங்களுக்கு முன் இதே கேரவனை நான் பார்த்தபோது பல்பு எங்கே இருந்தது? இதே கருவிப்பெட்டியில், மேல் தட்டில், கைக்கு எட்டும் தூரத்தில். அத்தான் பக்கத்தில் நின்று அவித்த முட்டை தின்றுகொண்டிருந்தார், மஞ்சள்கரு விரலில் அப்பியிருந்தது, அந்த விரலோடு என் தோளைப் பிடித்து, பச்சை எரியுது பாத்தியா மாப்ளே, என்று காதருகே மூச்சுவிட்டார், மூச்சிலும் முட்டை, பல்பைக் கட்டுவதென்றால் குனிய வேண்டும், அடியில் நுழைய வேண்டும், இன்னும் அரைமணி நேரம் அந்த மூச்சு, இந்தச் சக்கர வீட்டை எவ்வளவு சாமர்த்தியமாகப் பேசி வாங்கினார் என்னும் கதை மூன்றாம் முறை… பிளக்கிலேயே மீட்டரை வைத்தேன், பன்னிரண்டரை, சரியா இருக்குக்கா, போகலாம் என்று குரல் கொடுத்துவிட்டுக் கிளம்பினேன், வீட்டுக்குப் போய்ச் சட்டையை ஊறப் போட்டேன். ஒருவேளை இந்த இணைப்பு அப்போது இல்லையோ, அதற்குப் பிறகு அவர் செய்ததாக ஏன் இருக்கக் கூடாது, இருக்கலாமே, அவரால் முடியாததா… முறுக்கைப் பிரித்துப் பார்த்தேன், செம்பு பாசிப்பச்சையாகிப் பொடி உதிர்ந்தது, ஒரு மழைக்காலமாவது நனையாமல் செம்பு இந்த நிறத்துக்கு வராது, இரண்டு வாரத்தில் வரவே வராது.

சக்கரத்துக்கு அப்பால் அக்காவின் செருப்புகள் வந்து நின்றன, அவற்றுக்குப் பின்னால், சற்றுத் தள்ளி, அத்தானின் வெறுங்கால்கள், பித்தவெடிப்பில் அழுக்கு, நகம் வெட்டியே மாதமாகியிருக்கும், அதையாவது பல்லால் கடிக்க முடியாது போலும்.

"என்னடா கிடைச்சுது?" என்றாள் அக்கா.

"ஒரு ஜாயிண்ட்டுக்கா. சரியா போடல."

"நீ அன்னிக்குப் பாத்தப்போ அது இருந்துச்சா?"

எளிய கேள்வி, இருந்தது, இல்லை என்னும் இரண்டே விடைகள், எனக்கோ மூன்றாவதாக ஒன்று வேண்டியிருந்தது, பார்வைக்குத் தெரியாத இடமக்கா, வெளியிலிருந்து பார்த்தால் யாருக்கும் தெரியாது, என்று தொடங்கும் ஒரு விடை, இலக்கணப் பிழையில்லாமல் அதை அமைத்துக்கொண்டிருந்தேன், தூசி மூக்கில் ஏறியது, தும்மல் வராதா என்றிருந்தது, இருந்தது என்று சொன்னால் என்ன ஆகும், ஒன்றும் ஆகாது, அவள் திட்டமாட்டாள், இனி எதையும் என்னிடம் கேட்கமாட்டாள், அவ்வளவுதான்…

"அவன் பாத்தப்போ எங்க இருந்துச்சு?" என்றது அத்தானின் குரல். "போன வாரம் எலி கடிச்சு வச்சிருந்துச்சு. நான்தான் அறுத்து ஒட்டுனேன். சொல்ல மறந்துட்டேன்."

"அந்த வாய வச்சுக்கிட்டு உங்களால சும்மாவே இருக்க முடியாதா? தொறந்தா பொய்யி, மூடுனா ஒயரு."

"ருசியாத்தான்டி இருந்துச்சு."

"புள்ளைங்க உள்ள இருந்தாங்க."

போன வாரம் என்றாரே, பாசிப்பச்சைப் பொடி இன்னும் என் விரலில் இருந்தது, அவருடைய வெறுங்கால்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறித் தேய்த்துக்கொண்டன. அக்கா எதை நினைத்தோ மூக்கை உறிஞ்சினாள், பிறகு குனிந்து என் முகத்தைத் தேடினாள், நீ முடிச்சிட்டு சொல்லு தம்பி, நீ சொன்னாத்தான் நான் ஸ்டீயரிங்கத் தொடுவேன், என்றாள். சரிக்கா என்றேன், இந்தச் சொல் மட்டும் தடையில்லாமல் வந்தது. இணைப்பை இருபுறமும் வெட்டினேன், பல்லும் பிளாஸ்திரியும் மயிருமாக இருந்த அந்தத் துண்டைக் காட்டு என்று அவள் கேட்கவில்லை, கேட்பதற்குள் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன், அவருடைய மயிர் என் மார்பின்மேல், அருவருப்பு வர வேண்டும் என்று காத்திருந்தேன், வந்தது, ஆனால் எப்போதும் போகும் திசையில் அது போகவில்லை. பச்சை விளக்குப் பெட்டி தொடங்கிச் சக்கரம்வரை தடித்த ஒயர் புதிதாக இழுத்தேன், பற்றவைத்தேன், சுருங்கும் உறை மாட்டிச் சூடு காட்டினேன், பல்பைக் கொடுத்தேன், கண் கூசியது, மீட்டர் பன்னிரண்டில் நின்றது, அத்தானைக் காருக்குள் அனுப்பி பிரேக்கை மிதிக்கச் சொன்னேன், நான்கு சக்கரங்களிலும் காந்தங்கள் ஒரே சுருதியில் முனகின, ஒவ்வொன்றின்மேலும் உள்ளங்கையை வைத்து அதிர்வைப் பார்த்தேன், யாரும் கேட்காமலே மூன்று முறை பார்த்தேன்.

வெளியே வந்தபோது அவர்தான் துணியை நீட்டினார், வாங்கிக் கையைத் துடைத்தபடி அவர் முகத்தைப் பார்த்தேன், ஒரு கண்சிமிட்டலைத் தேடினேன் என்றுதான் சொல்ல வேண்டும், உதட்டோரம் ஒரு சுழிப்பு, காப்பாத்திட்டேன் பாத்தியா மாப்ளே என்பதுபோல் ஏதாவது, அது இருந்திருந்தால் போதும், பழையபடி வெறுத்துவிட்டு வீட்டுக்குப் போயிருப்பேன், இல்லை, நாக்கால் பல்லிடுக்கில் எதையோ துழாவிக்கொண்டிருந்தார், எல்லாம் ஓக்கேவா என்று மட்டும் கேட்டார், போகலாம் என்று நான் அவரைப் பார்த்துச் சொன்னேன், அக்காவைப் பார்த்து இன்னொரு முறை சொன்னேன். அவள் சாவியைத் திருகினாள், கண்ணாடியை ஏற்றும்வரை அவரைத் திட்டிக்கொண்டிருந்தாள், அவர் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார், அந்த ஆட்டலில் புண்பட்டவனின் தயக்கமோ தியாகம் செய்தவனின் மிடுக்கோ கொஞ்சமும் இல்லை, நெடுநாள் பழகிய ஒருவர் செய்யும் வேலையாக இருந்தது அது, எவ்வளவு நாள் பழகியது, அந்த வீட்டில் எது உடைந்தாலும், எது தொலைந்தாலும், நான்தான் என்று அந்தக் குரல் இதற்கு முன் எத்தனை முறை சொல்லியிருக்கிறது, ஒவ்வொரு முறையும் நாங்கள் எவ்வளவு விரைவாக நம்பியிருக்கிறோம், அவற்றில் ஒன்றையாவது, ஒரே ஒன்றையாவது, யாராவது லோடு கொடுத்துப் பார்த்தோமா…