நீல லாட்

திருப்பூரில் பனியன் கம்பெனிக்கா பஞ்சம்? ஆனால் அமெரிக்காக்காரன் ஆடும் கூடைப்பந்தை மட்டுமே ராத்திரி பகலாகக் காட்டுகிற சேனல் ஒன்றைக் கேபிள்காரரிடம் தனியாகச் சொல்லி வாங்கி வைத்திருந்தது சிவசுப்பிரமணியத்தின் கம்பெனி ஒன்றுதான். முதலாளிக்கு விளையாட்டு ஆர்வம் என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு பக்கத்துக்கு எத்தனை பேர் ஆடுகிறார்கள் என்று கேட்டால்கூட அவர் திருதிருவென்று விழிப்பார். எல்லாம் பையருக்காக, அதாவது சரக்கு வாங்குகிற ஆளுக்காக.

பையர் துபாயில் இருந்தார். கூடைப்பந்து ரசிகர்களுக்குச் சட்டை விற்கிற கடைகள் அவருடையவை. இறுதி ஆட்டம் முடிந்த கையோடு, ஜெயித்த அணியின் பெயரும் அதன் கீழே 'சாம்பியன்' என்ற எழுத்தும் போட்ட டீ-சர்ட் கடையில் தொங்க வேண்டும். சூடு ஆறிவிட்டால் ஒருத்தனும் வாங்க மாட்டான். யார் ஜெயிப்பார்கள் என்று முன்கூட்டியே யாருக்குத் தெரியும்? அதனால் இரண்டு அணிக்கும் அடித்து, தைத்து, மடித்துப் பெட்டியில் போட்டு வைத்துவிடுவார்கள். சிவப்பு அணிக்கு ஒரு லாட், நீல அணிக்கு ஒரு லாட். ஜெயித்த லாட் கோயமுத்தூர் போய் விமானம் ஏறும். தோற்ற லாட்டை மார்பின் குறுக்கே கத்திரியால் வெட்டிவிட வேண்டும். வெட்டுவதை வீடியோ எடுத்து அனுப்பினால்தான் மற்றதை ஏற்றுவதற்குப் பையர் தலையாட்டுவார். இல்லாவிட்டால் தோற்றவன் பெயரில் சாம்பியன் சட்டை காதர்பேட்டை மலிவுக் கடைகளில் குவிந்து கிடக்குமே, அந்தப் பயம் அவருக்கு.

ஆட்டத்தைப் பார்த்து முடிவு சொல்லும் பொறுப்பு முருகேஷுடையது. மெர்ச்சண்டைசர், பையரோடு இங்கிலீஷில் பேசுகிற ஆள். வெட்டும் பொறுப்பு பெரியகருப்பனுடையது. பேக்கிங் இன்சார்ஜ். உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து, மூட்டை தூக்குவதில் தொடங்கி, ஒரு பெட்டிகூட மாறிப் போகாமல் அனுப்பி அனுப்பியே அந்த நாற்காலிக்கு வந்தவர். அவர் மனைவி செல்லத்தாய் அதே ஹாலில் செக்கிங் டேபிளில் நின்று, பீஸ் பீஸாகப் பார்த்து, ஓட்டை, கறை, நூல் பிசிறு கண்டுபிடிப்பவள்.

இறுதி ஆட்டம் நம்மூர் நேரத்துக்கு விடிகாலையில் தொடங்கியது. முருகேஷ் மாடி சாம்பிள் ரூமில் உட்கார்ந்து டீயும் கையுமாகப் பார்த்தான். முதலாளி போனில் பேசுகிற இடம் என்பதால் அந்த டிவியின் வாயை எப்போதும் அடைத்தே வைத்திருப்பார்கள். கடைசிப் பகுதி ஓடிக்கொண்டிருந்தது. சிவப்பு அணி நன்றாக முன்னால் போயிருந்தது. அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போயிற்று.

ஜெனரேட்டர் உறுமி, டிவி முழித்து, கேபிள் பெட்டி விளக்கு மினுக்கி மினுக்கிப் படம் வருவதற்குள் முருகேஷுக்கு உயிர் போய் உயிர் வந்தது. படம் வந்தால், அட, சிவப்புச் சட்டைக்காரர்கள் ஒருவர் மேல் ஒருவர் ஏறிக் குதிக்கிறார்கள்! மேலேயிருந்து வண்ணக் காகிதம் கொட்டுகிறது. ஒருத்தன் கோப்பையைக் கட்டிப்பிடித்து அழுகிறான். முருகேஷ் டீயை வைத்துவிட்டு இரண்டிரண்டு படியாக இறங்கினான்.

"செவப்பு ஜெயிச்சாச்சுங்க! நீலத்தை வெட்டிப்போடுங்க!" என்று பேக்கிங் வாசலில் நின்று, கையை மார்புக்குக் குறுக்கே இழுத்துக் காட்டினான்.

பெரியகருப்பன் கத்திரியைக் கையில் எடுத்தவர், நின்றார். "உறுதிதான சார்? வெட்டிட்டா ஒட்ட முடியாது, பாத்துக்கங்க."

"அட, நான் கண்ணுல பாத்துட்டு வர்றனுங்க. வண்டி வந்து நிக்குது. வெட்டுங்க!"

வெட்ட ஆரம்பித்தார்கள். பெண்கள் வரிசையாக உட்கார்ந்து சரக் சரக்கென்று போட்டார்கள். பெரியகருப்பன் போனில் வீடியோ பிடித்தார். முருகேஷ் மிச்சமிருந்த டீயைக் குடிக்கலாமென்று மாடிக்கு ஏறினான்.

டிவியில் ஆட்டம் நடந்துகொண்டிருந்தது.

முதலில் அவனுக்குப் புரியவில்லை. பிறகு புரிந்தது. இடைவேளையில் சேனல்காரன் பழைய வருஷத்து இறுதி ஆட்டத்தின் துண்டை ஓட்டியிருக்கிறான். அன்றும் இதே இரண்டு அணி. அன்று ஜெயித்தது சிவப்பு. மூலையில் சின்னதாக வருஷம்கூடப் போட்டிருப்பான், பாவி இவன்தான் பார்க்கவில்லை. இன்றைய ஆட்டம் இன்னும் முடியவே இல்லை.

ஆனாலும் சிவப்புதான் முன்னால் இருந்தது. இங்கேதான் முருகேஷ் செய்யக் கூடாததைச் செய்தான். ஓடிப்போய் "நிறுத்துங்க" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பாதி லாட்டாவது பிழைத்திருக்கும். அவன் ஓடவில்லை. எப்படியும் சிவப்பு ஜெயித்துவிடும், சொன்னது சொன்னதாகவே இருந்துவிட்டுப் போகட்டும், எதற்கு வெட்டியாக அசிங்கப்பட வேண்டும் என்று நாற்காலி நுனியில் உட்கார்ந்துவிட்டான். கண் பெயர் தெரியாத சிவப்புச் சட்டைக்காரர்களைப் பார்க்க, வாய் முருகா முருகா என்றது. கீழே கத்திரிச் சத்தம் மாடிவரை கேட்டது.

நீலம் ஒவ்வொரு கூடையாகப் போட்டு எட்டிப் பிடித்தது. கடைசி நொடியில் நீலச் சட்டைக்காரன் ஒருத்தன் எங்கோ தொலைவிலிருந்து எறிந்தான். பந்து உள்ளே விழுந்தது.

அதற்குள் வெட்டின வீடியோ துபாய் போய்ச் சேர்ந்திருந்தது. பையர் முதலாளிக்குப் போன் போட்டுக் கத்தினார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சிவசுப்பிரமணியம் பேக்கிங் ஹாலுக்கு வந்தபோது, நீலச் சட்டைகள் மார்பு பிளந்து மலையாகக் கிடந்தன. மெஷின்கள்கூட நின்றுவிட்டன.

"ஆரு சொல்லி வெட்டுனது?" என்றார்.

முருகேஷ் வாயைத் திறந்தான். நான்தான் என்று சொல்லத்தான் திறந்தான், சத்தியமாக. வந்தது வேறு.

"நான் வெட்டச் சொல்லலீங்க. பாத்துட்டிருக்கேன், கொஞ்சம் இருங்கன்னுதானுங்க சொன்னேன். வண்டி வந்துருச்சுன்னு இவரே அவசரப்பட்டுட்டாருங்க."

செக்கிங் டேபிளில் செல்லத்தாயின் கை அப்படியே நின்றது. முதலாளி திரும்பினார். "ஏப்பா பெரியகருப்பா, அப்படியா?"

பெரியகருப்பன் முதலாளியைப் பார்க்கவில்லை. முருகேஷைப் பார்த்தார். கோபமில்லை அந்தப் பார்வையில். இப்போதாவது சொல்லிவிடுவான் என்று காத்திருக்கிற பார்வை. முருகேஷ் தரையில் கிடந்த நீலத் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தான். பெரியகருப்பன் தோளில் கிடந்த அளவு டேப்பை எடுத்து மேசையில் வைத்தார்.

"சார் சொன்னா அப்படியே இருக்கட்டும் மொதலாளி" என்றார். அன்றே கணக்கு முடித்து அனுப்பிவிட்டார்கள்.

இத்தோடு போயிருந்தால் முருகேஷ் மறந்தும் தொலைத்திருப்பான். எங்கே மறக்க விட்டார்கள்? சேனல் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. ஆட்டம் இல்லாத காலத்தில் சேனல்காரனுக்கு வேறு பிழைப்பு ஏது? அந்தக் கடைசி எறிதலையே காலையில் ஒரு தரம், மத்தியானம் ஒரு தரம், சாயங்காலம் ஒரு தரம் என்று போட்டுக் காட்டினான். அணைத்துவிட்டால் சாம்பிள் தைக்கிறவர்கள் "போடுங்க சார், நல்லாருக்குது" என்று மறுபடி போட்டார்கள். கிருத்திகைக்குக் கோயிலுக்குப் போனவன், முருகன் முகத்தை நிமிர்ந்து பார்க்கத் தைரியமில்லாமல் காலைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு வந்தான். வீட்டில் சோறு இறங்கவில்லை. "என்னாச்சுங்க உங்களுக்கு?" என்று மனைவி அனுப்ரியா கேட்டதற்கு, "வெயில்" என்றான்.

அதைவிடக் கொடுமை செல்லத்தாய். அவள் வேலையை விடவில்லை. விட்டால் அடுப்பு எரியாதே. தினமும் அவன் செக்கிங் டேபிளைத் தாண்டும்போது "வணக்கம் சார்" என்றாள். ஏசியிருந்தால்கூடத் தேவலை. அந்த வணக்கம் அவனை நெஞ்சிலேயே மிதித்தது.

பேக்கிங் ஆட்களுக்கும் மெர்ச்சண்டைசர்களுக்கும் ஊர் முழுக்கச் சேர்த்து ஒரு வாட்ஸ்அப் குழு இருந்தது. வண்டி கிடைக்குமா, ஆள் கிடைக்குமா என்று கேட்பதற்கு. அதில் எவனோ பெரியகருப்பனுக்குக் 'கத்திரிக் கருப்பன்' என்று பெயர் வைத்துவிட்டான். ஆளாளுக்குச் சிரிப்புப் பொம்மை போட்டார்கள். ஒருத்தன் முருகேஷையே கூப்பிட்டு, "உங்க கத்திரிக்காரர் சௌக்கியமாங்க?" என்று கேட்டான். முருகேஷும் பதிலுக்கு ஒரு சிரிப்புப் பொம்மை போட்டான். போட்ட கையை வெட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

ஒரு நாள் டீ நேரத்தில் செல்லத்தாயே அவனிடம் வந்தாள்.

"சார், அவுகளை எங்கயும் எடுக்க மாட்டேங்கிறாக. போற கம்பெனியில எல்லாம், 'நீதானய்யா ஜெயிச்ச லாட்ட வெட்டுனவன்'னு சிரிச்சு அனுப்பிடுறாய்ங்க. இப்ப பூண்டிப் பக்கம் வேஸ்ட் குடோன்ல துணி பிரிக்கிறாக. நம்ம வெட்டுன நீலச் சட்டையும் அங்கதான் வந்து கெடக்காம். அதையேதான் பிரிச்சுப் போட்டுக்கிட்டு இருக்காக." அவள் குரல் உயரவே இல்லை. "ஒரே ஒரு வார்த்தை, நல்ல மனுசன்னு எங்கயாச்சும் சொல்லி விடுங்க சார்."

அதற்குமேல் அவனால் தாங்க முடியவில்லை. "சொல்றனுங்க" என்று முணுமுணுத்துவிட்டு நேரே முதலாளி அறைக்குப் போனான். கதவைச் சாத்திவிட்டு, நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினான். கரண்ட் போனது, பழைய துண்டைப் பார்த்து ஏமாந்தது, தெரிந்த பிறகும் ஓடிப்போய் நிறுத்தாமல் உட்கார்ந்திருந்தது, எல்லாம். சொல்லி முடித்தபோது மனசு கொஞ்சம் லேசாயிற்று.

சிவசுப்பிரமணியம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"எனக்குத் தெரியுங் கண்ணு."

"என்னங்க?"

"அன்னைக்கே கேமராவுல பாத்தனே. சத்தம் கேக்காது, அவ்வளவுதான். நீ வாசல்ல நின்னுட்டு இப்படி இழுத்துக் காட்டுனியே, அது நல்லாத் தெரிஞ்சுது" என்று அவரும் தன் மார்புக்குக் குறுக்கே கையை இழுத்தார். "பேக்கிங்குக்கு ஆளா கெடைக்காது? பையர் உன்றகூடத்தான பேசறாரு. உன்னையத் தொரத்திப்போட்டு நான் ஆரை வெச்சுப் பேசறது? போ, அடுத்த ஆர்டரைப் பாரு. இதைய வெளிய பேசித் திரிஞ்சீன்னா கம்பெனி பேரு நாறிப்போகும். அப்பறம் நீயும் இங்க இருக்க மாட்ட, சொல்லிப்போட்டேன்."

முருகேஷ் வெளியே வந்தான். லேசான மனசு மறுபடியும் கல்லாகிவிட்டது. மன்னிப்பு கிடைத்த மாதிரியும் இல்லை, தண்டனை கிடைத்த மாதிரியும் இல்லை. அவனைக் காப்பாற்ற ஒரு மனுஷனைத் தெரிந்தே பலி கொடுத்திருக்கிறார்கள். அந்தப் பலிச் சோற்றைத்தான் இத்தனை நாளும் தின்றுகொண்டிருக்கிறான்.

செக்கிங் டேபிளுக்குப் போய் நின்றான். பக்கத்து டேபிள் பெண்கள் நிமிர்ந்தார்கள். அவன் பொருட்படுத்தவில்லை.

"அக்கா, அன்னைக்கு வெட்டச் சொன்னது நான்தானுங்க. பொய் சொல்லிப்போட்டேன். மொதலாளிகிட்ட இப்பச் சொல்லிட்டேன். அவருக்கும் முன்னமே தெரியுமாம். என்னைய மன்னிச்சுக்கங்க அக்கா."

செல்லத்தாய் கையிலிருந்த பீஸை விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். ஓட்டை இல்லை. மடித்து அந்தப் பக்கம் வைத்தாள்.

"எங்களுக்குத்தான் தெரியுமே சார். நான் இதே டேபிள்ல நின்னு கேட்டுக்கிட்டுத்தான இருந்தேன். மொதலாளிக்கும் தெரியும்ங்கிறீக. தெரிஞ்சவுககிட்டயே சொல்லிச் சொல்லி என்ன ஆகப் போகுது? தெரியாதவுககிட்டச் சொல்லுங்க."

அவள் அடுத்த பீஸை எடுத்தாள். முருகேஷ் அங்கேயே நின்றான். யாரிடம் சொல்லச் சொல்கிறாள் என்பது அவனுக்கு நன்றாகவே தெரிந்தது. சொன்னால் நாளைக்கு இந்த வாசலுக்குள் வர முடியாது என்பதும் தெரிந்தது. போனை எடுத்தான். வாட்ஸ்அப் குழுவைத் திறந்தான். எழுதினால் பாதியில் அழித்துவிடுவோம் என்று பயந்து, பேசுகிற பொத்தானை அழுத்தினான்.

"வணக்கமுங்க. நான் முருகேஷ் பேசறனுங்க, சிவசுப்பிரமணியம் கம்பெனி மெர்ச்சண்டைசர். நீல லாட்டை வெட்டச் சொன்னது நானுங்க. பழைய ஆட்டத்தைப் பாத்து ஏமாந்துபோய்ச் சொன்னேன். தப்புன்னு தெரிஞ்சப்பறமும் ஓடிப்போய் நிறுத்தல. பழியைப் பெரியகருப்பன் அண்ணன் தலைல போட்டுட்டேன். அவரு 'உறுதியா'ன்னு கேட்டுட்டுத்தான் வெட்டுனாரு. அவரு மேல ஒரு தப்பும் இல்லீங்க. அவரைப் பாத்துச் சிரிச்சவங்க என்னையப் பாத்துச் சிரிங்க."

விரலை எடுத்தான். போய்விட்டது. கொஞ்ச நேரத்தில் போன் மணியடித்தது. செல்லத்தாய் எட்டி, திரையில் இருந்த பெயரைப் படித்தாள்.

"மொதலாளி கூப்பிடுறாக. எடுங்க சார்."

எடுத்தான். அந்தப் பக்கம் சிவசுப்பிரமணியம் கத்தியது டேபிளில் இருந்த எல்லோருக்கும் கேட்டது. "ஆரைக் கேட்டு இதைய அனுப்புன? அனுப்புனது நீதானா?"

"ஆமாங்க" என்றான் முருகேஷ். "நான்தானுங்க."