பதினோராம் மைலில் கேட்ட குரல்

மலைமேல் புதிய ரிப்பீட்டர் வேலை செய்யத் தொடங்கிய நாளிலிருந்து, ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையில் இருந்த, வண்டிக்காரர்கள் எல்லோரும் அக்கா என்று கூப்பிட்ட பெண்ணின் குரல் பதினோராம் மைலிலிருந்துதான் கேட்டது. அதற்கு இந்தப் பக்கம் ஒரு சொல்கூடக் கேட்கவில்லை. வண்டிகளின் வயர்லெஸ் பெட்டியில் பதினோராம் மைல் முதல் நாற்பதாம் மைல் வரை கணீரென்று கேட்டது. பதினோராம் மைலில் மட்டும் பெட்டிகூட வேண்டியிருக்கவில்லை, வெறும் காற்றிலேயே கேட்டது. அங்கே முச்சந்தியில் ஒரு பஞ்சர் கடையும், ஒரு முடிவெட்டும் கடையும், மரம் அறுக்கும் பட்டறை ஒன்றும் இருந்தன. அங்கிருந்தவர்கள் முதல் இரண்டு நாள் யாரோ ரேடியோவைச் சத்தமாக வைத்திருப்பதாக நினைத்தார்கள். மூன்றாம் நாள் அந்தக் குரல் பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்துவிட்டதென்று தன்னைத்தானே திட்டிக்கொண்டபோது, இது ரேடியோ இல்லை என்று தெரிந்துகொண்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போனார்கள்.

ரிப்பீட்டரை வைத்தவர் அக்காவின் கணவர். ஆள் உயரம், போகிற இடமெல்லாம் தோளில் ஏணி, அதனால் ஊரில் எல்லோருக்கும் அவர் ஏணிக்காரர். ஆம்புலன்ஸ் சேவையின் வயர்லெஸ் பெட்டிகள், கம்பங்கள், கேபிள்கள் எல்லாம் அவர் பொறுப்பு. முன்பு அலுவலகம் கடைத்தெருவில், நாலு பக்கமும் மேடு சூழ்ந்த பள்ளத்தில் இருந்தது. மொட்டை மாடியில் முப்பதடி இரும்புக் குழாய், அதன் நுனியில் ஒரு ஆன்டெனா. ஏழு மைல் தாண்டினால் பேச்சு அறுந்துவிடும். மலைக்குப் பின்னால் போன வண்டியோடு பேச முடியாது. அது திரும்பி வரும்போதுதான் உயிரோடிருக்கிறது என்று தெரியும். மலைமேல் ரிப்பீட்டர் வைத்தால் ஒரு வண்டியின் பேச்சை அது வாங்கி, அதே நொடியில் பலமாகத் திருப்பி வீசும் என்று ஏணிக்காரர் மூன்று வருடமாக மேலிடத்துக்கு எழுதிக்கொண்டிருந்தார். பார்க்கலாம் என்று மூன்று வருடமும் பதில் வந்தது.

அக்காவின் தம்பி அங்கே வண்டி ஓட்டினான். மழைக்காலத்தின் ஒரு காலையில், மலைக்குப் பின்னாலிருந்த ஊரிலிருந்து ஒரு நோயாளியை ஏற்றிவரக் கிளம்பினான். அவன் போன அரை மணி நேரத்தில் ஆற்றுப்பாலம் அடித்துக்கொண்டு போய்விட்டதாகத் தொலைபேசி வந்தது. வண்டி அப்போது ஆறாவது மைலில் இருந்திருக்கவேண்டும், பேச்சு எட்டியிருக்கவேண்டும். அக்கா நாற்பது நிமிடம் கூப்பிட்டாள். பாலம் இல்லை, திரும்பி வா, பாலம் இல்லை, திரும்பி வா. பெட்டியில் இரைச்சல் மட்டும் வந்தது. வண்டியை ஆற்றில் நாலு மைல் கீழே, மூன்றாம் நாள் எடுத்தார்கள்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு ஏணிக்காரர் மாடிக்குப் போய்க் கேபிளை இறக்கி, நடுவில் அறுத்தார். உள்ளேயிருந்து கால் டம்ளர் தண்ணீர் வடிந்தது. செம்புப் பின்னல் பச்சையாகியிருந்தது. ஆன்டெனாவும் கேபிளும் சேருகிற மூட்டில் ஒன்றோடொன்று உருகி ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பைத்தான் சுற்றவேண்டும். அது கையிருப்பில் இல்லாததால், அடுத்த வாரம் மாற்றிக்கொள்ளலாம் என்று மின் கம்பிக்குச் சுற்றுகிற சாதாரணக் கறுப்பு டேப்பைச் சுற்றியிருந்தார். அடுத்த வாரம் அவருக்குக் காய்ச்சல். அதற்கடுத்த வாரம் மழை.

டேப் விஷயத்தை அவரே அக்காவிடம் போய்ச் சொன்னார். அன்றிலிருந்து அக்கா அவரிடம் பேசவில்லை. சோறு வைத்தாள், துணி துவைத்தாள், வேலைக்குப் போனாள், பெட்டியில் வண்டிக்காரர்களிடம் பேசினாள். வீட்டில் பதினான்கு மாதம் அவள் குரல் எழவில்லை. அது தனக்கு வேண்டியதுதான் என்று ஏணிக்காரர் எடுத்துக்கொண்டார். அவள் முகத்தை நிமிர்ந்து பார்ப்பதை விட்டுவிட்டார். தட்டை வைக்கிற கையை மட்டும் பார்ப்பார். அந்தக் கையில் எந்த விரலில் எந்த நாளில் சூடு பட்டது என்பதுவரை அவருக்குத் தெரியும். அவள் தலையில் நரை வந்தது தெரியாது.

இப்போது மேலிடத்தில் யாரும் பார்க்கலாம் என்று சொல்லவில்லை. மலைமேல் இடம் கிடைத்தது. எண்பதடிக் கோபுரத்தை ஏணிக்காரர் முக்கால்வாசியும் தன் கையால் எழுப்பினார். மூன்று திசையில் இழுகம்பி, இடி இறங்க மண்ணில் ஆறு செப்புத் தண்டு, மணிக்கட்டுத் தடிமனுக்குக் கேபிள். கேட்கிற அலைவரிசையும் பேசுகிற அலைவரிசையும் ஒன்றையொன்று மிதிக்காமல் பிரித்துவிடும் ஆறு உருளைகளை எட்டு நாள் திருகித் திருகிச் சரிசெய்தார். மூட்டுகளில் ரப்பர் டேப்பை மூன்று அடுக்கு சுற்றி, நகத்தால் அழுத்தி, மறுநாள் மறுபடி போய்ப் பார்த்தார். நுனியில் வைத்த ஆன்டெனா நெடுந்தூரத்துக்கானது. நாலு பக்கமும் பந்துபோல் விரியவேண்டிய பேச்சை அது தட்டையாக நசுக்கி அடிவானத்துக்கு வீசும். அதன் காலடியில் அவ்வளவாக ஒன்றும் விழாது. இது எல்லா உயரமான ஆன்டெனாவுக்கும் உள்ள குறைதான், புத்தகத்திலேயே போட்டிருக்கும். கோபுரத்தின் அடியில் புதிய கட்டுப்பாட்டு அறையும், அதை ஒட்டி அவர்கள் குடியிருக்க இரண்டு அறை வீடும் கட்டினார்கள்.

தொடங்கிய அன்று முதல் குரலாக அக்கா பேசினாள். நாற்பதாம் மைலில் நின்ற வண்டிக்காரர், பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோல் இருக்கிறதென்று பதில் சொன்னார். அறையில் கூடியிருந்தவர்கள் கைதட்டினார்கள். அந்தக் கைதட்டலில், அக்கா பேசியது அந்த அறையில் கேட்கவில்லை என்பதை யாரும் கவனிக்கவில்லை. பிறகும் கவனிக்க வழியில்லை. பகல் முழுக்க அவள் தனியாகத்தான் பெட்டிமுன் இருந்தாள், நாலு மணிக்கு மாற்ற வருகிற பெண்ணிடம் பதிவேட்டை மட்டும் நீட்டிவிட்டு வருவாள். அவள் குரல் அவள் காதுக்குக் கேட்டது. வண்டிகளிலிருந்து பதில் வந்தது, கிட்டே வந்த வண்டிகள் பேச்சு கேட்கவில்லை என்று சொன்னபோது அது காலடிக் குறை என்று ஏணிக்காரர் குறிப்பெழுதிவைத்தார். வீட்டில் அவர் கையைப் பார்த்துச் சாப்பிட்டு எழுந்து போனார்.

மூன்றாவது வாரம் காலடிக் குறை எதுவரை போகிறதென்று அளக்க, கையடக்கப் பெட்டியோடு பைக்கில் கிளம்பியவர், பதினோராம் மைலில் டயர் இறங்கி நின்றார். பஞ்சர் கடைக்காரர் டியூபைக் கழற்றிக்கொண்டிருந்தபோது, கடையின் கூரைக்கு மேலிருந்து அக்காவின் குரல் விளக்கைத் துடைக்கத் துணி தேடியது. ஏணிக்காரர் கையிலிருந்த பெட்டியைப் பார்த்தார். அது அணைந்திருந்தது. பதினைந்து மாதமாக வீட்டில் கேட்காத குரலைக் கேட்டதும் அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

பஞ்சர் கடைக்காரர் அவருடைய உயரத்தையும் பைக்கில் கட்டியிருந்த கேபிள் சுருளையும் பார்த்தார்.

"அந்தம்மா வீட்டுக்காரர் நீங்கதானா?"

ஏணிக்காரர் தலையசைத்தார்.

"ஏங்க, அவங்க தினமும் உங்ககிட்ட பேசறாங்க. நீங்க ஒரு வார்த்தை பதில் சொல்றதில்லையாமே."

என்ன பேசுகிறாள் என்று ஏணிக்காரர் கேட்டார். பஞ்சர் கடைக்காரர் கம்ப்ரஸரை நிறுத்தினார். அதைத் தான் சொல்வது முறையில்லை என்றார். நாலு மணிக்கு வேலை மாறும், அக்கா வீட்டுக்குள் போவாள், ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் சொல்லுவாள், உட்கார்ந்து கேட்டுக்கொள்ளுங்கள் என்றார். நாலு மணி நெருங்கியதும் பட்டறையில் ரம்பத்தை நிறுத்தினார்கள். முடிவெட்டுகிறவர் கடைப் படுதாவை இறக்கிவிட்டு, பாதி முடி வெட்டிய ஆளையும் கூட்டிக்கொண்டு அந்தப் பக்கம் போனார். அது அவர்கள் தினமும் செய்வதாக இருந்தது.

குரல் வந்தது. முன்னைவிடக் கொஞ்சம் கரகரத்திருந்தது.

"ஏங்க, இந்த வீட்டுக்கு வந்ததிலேர்ந்து சொல்லிக்கிட்டிருக்கேன், நேத்தும் நீங்க எழுந்து போயிட்டீங்க. இன்னைக்காவது கேளுங்க. அன்னைக்கு விடியும்போதே பெட்டியில இரைச்சல் இருந்துச்சு. தண்ணி இறங்கியிருக்குன்னு எனக்குத் தெரியும், இத்தனை வருசமா உங்ககூட இருந்துட்டு இதுகூடத் தெரியாதா. நீங்க காய்ச்சல் விட்டு அன்னைக்குத்தான் அசந்து தூங்கினீங்க. எழுப்ப மனசு வரல. தம்பி கிளம்பறேன்னான். போயிட்டு வாடான்னேன். நான்தாங்க அனுப்பினேன். டேப்புன்னு நீங்க வந்து சொன்னப்போ, ஆமா டேப்புதான்னு நானும் விட்டுட்டேன். அதுக்கப்புறம் எந்த வாயை வெச்சு உங்ககிட்ட பேசறது?"

பிறகு அழுகை வந்தது. அது வெகுநேரம் இருந்தது. படுதாவுக்குப் பின்னால் யாரோ மூக்கைச் சிந்தினார்கள்.

ஏணிக்காரர் கைப்பெட்டியை முடுக்கிப் பேசியிருக்கலாம். அவர் குரல் எல்லோர் குரலையும்போல ஒழுங்காகத்தான் போகும். பேசவில்லை. பதினோரு மைலை எப்படி ஓட்டினார் என்பது அவருக்கு நினைவில்லை. வீட்டுக்குள் போய், பதினைந்து மாதத்தில் முதல் தடவையாக அவள் முகத்தைப் பார்த்தார். கேட்டுட்டேன்மா, பதினோராம் மைல்ல கேட்டுது என்றார். அக்கா வாயைத் திறந்து எதையோ சொன்னாள். உதடு அசைந்தது, தொண்டை அசைந்தது, அடுப்பின் சத்தம் கேட்டது, அவள் குரல் கேட்கவில்லை. இரண்டு பேருக்கும் அப்போதுதான் புரிந்தது.

தொண்டை மருத்துவர் விளக்கடித்துப் பார்த்துப் பழுதில்லை என்றார். வேறு ஆட்களை அந்தப் பெட்டிமுன் உட்காரவைத்துப் பேசச் சொன்னார்கள். அவர்கள் குரல் அறையிலும் கேட்டது, வண்டியிலும் கேட்டது. அந்த ஆன்டெனா வழியாக முதலில் போன குரல் என்பதைத் தவிர அவளுடையதில் வேறு வித்தியாசம் தெரியவில்லை. எனவே ஒரு புதன்கிழமை மதியம், யாரிடமும் சொல்லாமல், ஏணிக்காரர் இரண்டு ஸ்பேனரை இடுப்பில் செருகிக்கொண்டு ஆன்டெனாவைக் கழற்ற ஏறினார். கழற்றிவிட்டால் குரல் வீட்டுக்கு வந்துவிடும் என்பது அவர் கணக்கு. எழுபதாவது அடியில் முதல் மரையைத் தளர்த்தும்போது கீழே அக்கா வாசலுக்கு வந்து அண்ணாந்து பார்த்து ஏதோ சொல்வது தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் இடுப்பிலிருந்த பெட்டி பேசியது. மலைக்குப் பின்னாலிருந்த வண்டிக்காரர்.

"அண்ணே, அக்கா உங்களை இறங்கச் சொல்றாங்க."

ஏணிக்காரர் இரண்டாவது மரையில் ஸ்பேனரைப் பொருத்தினார்.

"அண்ணே, நான் பிரசவக் கேசு ஏத்திக்கிட்டு ஆத்துக்கு இந்தப் பக்கம் நிக்கறேன். தண்ணி ஏறியிருக்கு. எந்த வழியா வரணும்னு அக்காதான் சொல்லிக்கிட்டிருக்காங்க. அதைக் கழட்டினா இந்தப் பொண்ணுக்கு யார் வழி சொல்லுவாங்கன்னு உங்ககிட்ட கேக்கச் சொன்னாங்க." பெட்டி கொஞ்சம் இரைந்து அடங்கியது. "அழுதுக்கிட்டே சொல்றாங்கண்ணே. நீங்க இறங்கிடுங்க."

ஏணிக்காரர் தளர்த்திய மரையை முறுக்கினார். அந்த வண்டி ஆற்றைச் சுற்றிக்கொண்டு வந்து சேரும்வரை மேலேயே இருந்தார், இறங்கினால் ஏதாவது அசைந்துவிடுமோ என்று. குழந்தை வண்டியிலேயே பிறந்தது. அதன்பின் அவர் ஆன்டெனாவைக் கழற்றும் பேச்சை எடுக்கவில்லை. கோபுரம் வந்தபின் அந்தச் சேவையில் ஒரு வண்டியும் தொலையவில்லை. அந்த ஒரு வரியை அவர் ஒவ்வொரு வருட அறிக்கையிலும் எழுதினார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் அக்காவைப் பைக்கில் உட்காரவைத்துப் பதினோராம் மைலுக்கே கூட்டிப்போனார். குரல் விழுகிற இடத்திலேயே அவளைக் கொண்டுபோய் நிறுத்தினால் சரியாகிவிடும் என்று இரண்டு பேருமே நினைத்தார்கள். முச்சந்தியில் எல்லோரும் வந்து நின்றார்கள். அவள் குரலை அத்தனை நாளாகக் கேட்டவர்கள் அவளை அன்றுதான் பார்த்தார்கள். முடிவெட்டுகிறவர் மனைவி அவள் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. அக்கா பேசினாள். ஒன்றும் கேட்கவில்லை. ஏணிக்காரரின் பெட்டியில், மலைமேல் அன்று வேலையிலிருந்த பெண் வந்து, அக்கா குரல் இங்கே கூரைமேல் கேட்கிறது என்றாள். அக்கா என்ன சொன்னாள் என்று ஏணிக்காரர் கேட்டார். அந்தப் பெண் தயங்கிவிட்டுச் சொன்னாள்: இங்கயும் கேக்கலயா, சரி, வந்தது வந்தாச்சு, பின் டயர்ல காத்து கம்மியா இருக்கு, அடிச்சுட்டுப் போலாம் என்கிறார்கள். பஞ்சர் கடைக்காரர் காற்றடித்துக் கொடுத்தார்.

அதற்குப் பிறகு அவர்கள் அதற்கேற்ப இருந்துகொண்டார்கள். அவசரத்துக்குச் சிலேட்டில் எழுதுவாள். எழுத்தில் உப்பு, மாத்திரை, சாவி எல்லாம் சொல்ல முடிந்தது. மற்றதைச் சொல்ல, வாரத்தில் இரண்டு நாள் ஏணிக்காரர் பஸ் ஏறிப் பதினோராம் மைலுக்குப் போனார். பஞ்சர் கடைக்குப் பின்னால் பெஞ்சில் உட்கார்ந்து காற்றில் அவள் பேச்சைக் கேட்டு, கைப்பெட்டியில் பதில் சொன்னார். தம்பியைப் பற்றித்தான் அதிகம் பேசினார்கள். அவன் சின்ன வயதில் தண்ணீருக்குப் பயந்ததை அக்கா அங்கே வைத்துத்தான் சொன்னாள். தன் கல்யாணச் சட்டையை அவன் கேட்காமல் எடுத்துப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போன கதையை அவர் சொன்னார். அந்த நேரத்துக்கு வண்டிக்காரர்கள் பெட்டியின் ஒலியைக் குறைத்துக்கொள்வார்கள். குறைக்காதவர்கள் யார் என்று மற்றவர்களுக்குத் தெரியும். அவள் குரலையும் முகத்தையும் ஒன்றாகச் சேர்த்து ஏணிக்காரர் அதற்குப் பின் ஒருநாளும் அனுபவிக்கவில்லை. ஒன்று இருந்தால் மற்றதற்குப் பதினோரு மைல்.

பத்தொன்பது வருடம் இப்படிப் போயிற்று. இரண்டு பேரும் ஓய்வுபெற்றார்கள், அந்த வீட்டிலேயே இருந்துகொள்ள அலுவலகம் அனுமதித்தது. பஞ்சர் கடையை இப்போது கடைக்காரரின் மருமகன் பார்க்கிறார். புதிதாக யாராவது நின்று கூரையைப் பார்த்தால், மலைமேல் இருக்கிற அக்கா என்று சொல்லிவிட்டு எந்தச் சக்கரம் என்று கேட்பார். ஏணிக்காரர் வீட்டிலிருக்கும் நாட்களிலும் அக்கா அவரிடம் பேசிக்கொண்டேதான் இருக்கிறாள். அவர் எதிரே உட்கார்ந்து உதட்டைப் பார்த்துத் தலையாட்டுவார், பாதி நேரம் தப்பான இடத்தில்.

"எதுக்கு ஆமாங்கறீங்க, நான் இன்னும் ஒண்ணும் கேக்கவே இல்லையே" என்று பதினோராம் மைலில் கேட்கும். கொஞ்சம் பொறுத்து, "சரி, ஆமான்னே வெச்சுக்கறேன்" என்று கேட்கும். அங்கே யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை.