விழிப்புணர்வு உயர்ந்த விதம்

“பதினெட்டா? சரியாக் கூட்டினியாம்மா?” பிரபாகரன் சார் மூன்றாவது தடவையாகக் கேட்டார்.

“கூட்டினேன் சார். இருபதுக்குச் சராசரி பதினெட்டு,” என்றாள் மாணவி வெண்பா.

சுற்றுச்சூழல் பயிலரங்குக்கு முன்னால் பசங்களுக்கு என்ன தெரியும், பின்னால் என்ன தெரியும் என்று ஒரே கேள்வித்தாளை இரண்டு முறை கொடுத்துப் பார்க்க வேண்டும். விழிப்புணர்வு உயர்ந்ததாக அறிக்கை வந்தால்தான், தற்காலிக விரிவுரையாளரான அவருக்கு அந்த இன்ஜினியரிங் காலேஜில் அடுத்த வருஷமும் வேலை.

“முன்னாடியே பதினெட்டுன்னா அப்புறம் எங்கம்மா உயர்றது? இவ்ளோ தெரிஞ்சி வச்சிக்க யாரு சொன்னா?”

“உடைஞ்ச பீங்கான் மக்குமான்னு கேட்டிருக்கீங்க. எங்க வூட்டுக்குப் பின்னாலதான் சார் பீங்கான் கம்பெனிக்காரங்க ஒடைஞ்ச சில்லு கொட்டுறாங்க. நான் பொறந்ததுலேருந்து அப்படியே கெடக்குது.”

“சீமைக்கருவேலம் நடலாமான்னும் கேட்டிருக்கீங்க,” என்றான் கூட நின்ற சேரன். “எங்க ஊர்க் காட்டுல அதை வெட்டி வெட்டியே எங்கப்பாவுக்குத் தோளு போச்சி.”

“சரி, மிச்ச ரெண்டு மார்க்கையாவது நிபுணர்கிட்ட கத்துக்குங்க. காதைத் தொறந்து வச்சிக் கேளுங்க.”

கேட்டார்கள். சென்னையிலிருந்து வந்த நிபுணர் மூன்று மணி நேரம் பேசினார். மண்ணில் பிறந்த பீங்கான் மண்ணோடு கலந்துவிடும் என்றார். மரம் என்றால் மரம்தான், சீமைக்கருவேலமானாலும் நடுங்கள் என்றார்.

மறுநாள் வெண்பா தயங்கிக்கொண்டே வந்தாள். “சார், இப்போ பதிமூணு.”

“டேய் சேரா, கருவேலம் நடலாம்னா எழுதின?”

“அவரு சொன்னாரே சார்.”

“உங்கப்பா தோளு?”

“அது சிலபஸ்ல இல்லியே சார்.”

சார் விடைத்தாள் கட்டுகள் இரண்டையும் பக்கத்தில் இழுத்து வைத்தார். பிறகு அவற்றின் மேல் ஒட்டியிருந்த ‘முன்’ சீட்டையும் ‘பின்’ சீட்டையும் பிய்த்து, மாற்றி ஒட்டினார்.

“சார்!”

“நீ ஒண்ணும் பாக்கலம்மா.”

“பாத்தேன் சார்.”

அறிக்கை போனது. முதல்வர் கூப்பிட்டு அனுப்பினார். திரும்பி வந்த சாரின் முகத்தில் ஈயாடவில்லை.

“வேலை போயிடுச்சா சார்?”

“இருக்குதும்மா. ஒரே நாள்ல அஞ்சு மார்க்கு உயர்ந்துச்சேன்னு அவருக்குச் சந்தோஷம் தாங்கல. அதே நிபுணரு இனிமே மாசா மாசம் வராரு. மாசா மாசம் உங்களுக்கு உயரணும். நான்தான் பொறுப்பு.”

“அப்ப வருஷக் கடைசியில எங்களுக்கு ஒண்ணுமே தெரியாதே சார்!”

“மெதுவா மறங்கம்மா,” என்றார் சார் கெஞ்சுகிற குரலில். “மாசத்துக்கு ஒரு மார்க்கு கொறைஞ்சாப் போதும். வருஷம் பூரா ஓட்டணும்.”