ஈயத்தகட்டின் மறைவில்

கதிர் படாத இடத்திலும் காயம் இருந்தது. றஷீதா அதை மூன்று முறையும் நம்பவில்லை.

ஆண்டு 1997. புற்றுக்கட்டியின் நடுப்பகுதிக்குப் பிராணவாயு சரியாகச் சென்று சேராது. அத்தகைய உயிரணுக்களைக் கதிர்வீச்சு எவ்வளவு தாக்குகிறது என்பதே கொழும்பில் அவள் செய்த ஆய்வு. காற்றுக் குறைந்த பெட்டியில், கிண்ணமொன்றின் வளர்ப்புநீரில் உயிரணுக்களை வளர்த்து, அக்கிண்ணத்தின் ஒரு பாதியை ஈயத்தகட்டால் மறைத்துவிட்டு, மறுபாதியில் மட்டும் கதிரைப் பாய்ச்சினாள். மறைத்த பாதி ஒப்பிடுவதற்காக. அது பழுதின்றி இருந்தாக வேண்டும். ஆனால் அங்கும் உயிரணுக்கள் சிதைந்திருந்தன. தன் கைப்பிழை என்றெண்ணி, குறிப்பேட்டில் குறித்த எண்களைச் சிவப்புக்கோட்டால் அடித்தாள். கிண்ணங்களைக் கழுவிக் கவிழ்த்தாள்.

"அடுத்த திங்கட்கிழமை சுத்தமான எண்ணிக்கை வேணும். இல்லாட்டி உன்ரை இடத்தை வேறை ஆளுக்குக் குடுக்கவேண்டி வரும், பிள்ளை" என்றார் பேராசிரியர் கனகசுந்தரம்.

அவள் பதுளைக்கு ரயிலேறினாள். கடைவீதியில் அவளுடைய தந்தை ஸஹாப்தீன் வெங்காய மூட்டையொன்றைக் கொட்டிப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"படிப்ப விட்டுட்டேன், வாப்பா."

"அப்ப உட்காரு. இதுக்குப் பட்டம் கேக்க மாட்டாங்க."

அழுகிய ஒன்றை அவள் எடுத்தெறிந்தாள்.

"சுத்தி இருக்கிறதையும் எடு, மகள்."

"அதெல்லாம் நல்லாத்தானே இருக்கு?"

"லொறியில நசுங்கினது ஒண்ணுதான். காத்துப் போகாத மூட்டை நடுவில, அது வடிச்ச தண்ணி பக்கத்துல உள்ளதுக்கெல்லாம் போயிருக்கும். இன்னும் ரெண்டு நாள்ல பாரு."

வெங்காயங்களுக்கு வாய் இருந்தால், 'எங்களை யாரும் நசுக்கவில்லையே' என்று அவை வழக்காடியிருக்கும்.

றஷீதாவின் கை அந்தரத்தில் நின்றது. தகடு கதிரை மறைத்தது. கிண்ணத்து நீரை மறைக்கவில்லை. இரு பாதிக்கும் நீர் ஒன்றே.

"வாப்பா... எனக்கு மூணு தரமும் ஒரே மாதிரி கெட்டுச்சு. கைப்பிழைன்னு நெனச்சேன்."

"கைப்பிழைன்னா தரத்துக்கு ஒரு மாதிரி வருமே. அத என்ன செஞ்ச?"

"கழுவி ஊத்திட்டேன்."

பையைத் திறந்து குறிப்பேட்டை எடுத்தாள். சிவப்புக்கோடுகளின் அடியில் எண்கள் இன்னும் தெளிவாக இருந்தன. அன்று மாலை ரயிலிலேயே திரும்பினாள்.

மீண்டும் செய்தாள். இம்முறை கதிர்பட்ட கிண்ணத்தின் நீரை மட்டும், வேறொரு கிண்ணத்தில் வளர்ந்த உயிரணுக்களுக்கு ஊற்றினாள். திங்கட்கிழமை அவற்றில் சிதைந்தவற்றைப் பேராசிரியரே நுண்நோக்கியில் எண்ணினார். பின்பு மறுபடியும் முதலிலிருந்து எண்ணினார். நிமிர்ந்தபோது அவர் முகம் வெளிறியிருந்தது.

"இந்தக் கிண்ணம் கதிர் அறைப் பக்கமே போகேல்லையே, பிள்ளை!"