கழுவி ஊற்றிய தண்ணீர்

லண்டனில் ஒரு பல்கலைக்கழகத்து நிலவறையில் அருள்நாயகிக்கு வேலை. அங்கே ஆறு தொட்டிகளில் சிங்கறால்கள் என்னும் பெரிய கடல் இறால்கள் கிடந்தன. தொட்டித் தண்ணீரை மாற்ற வேண்டும், தரை துடைக்க வேண்டும், கிழமைக்கு இரண்டு தரம் றால் துண்டுகளைக் கடல்நீரில் ஊறவைத்து, வடித்துப் போத்தலில் கொடுக்க வேண்டும். மன்னாரில் பிறந்தவளுக்கு இது பெரிய வேலையா என்று கேட்பீர்கள். அவளும் அப்படித்தான் நினைத்திருந்தாள், பாவம்.

போத்தல் பாலேந்திராவுக்கு. ரெய்னர்ஸ் லேனில் அறை எடுத்திருந்த யாழ்ப்பாணத்துப் பிள்ளை, ஆராய்ச்சி மாணவன். சிங்கறாலுக்கு நீண்ட மீசைகளுக்கு நடுவே குட்டி மீசைகளும் உண்டு. அவற்றில் இருக்கும் மெல்லிய மயிர்களால்தான் அது மணம் பிடிக்கும். பாலேந்திரா குட்டி மீசையில் ஒரு துண்டை வெட்டி, கடல்நீர் ஓடும் கிண்ணத்தில் வைத்து, மயிருக்கு அடியிலுள்ள நரம்புக் கலம் ஒன்றில் கண்ணாடி ஊசியைப் பொருத்துவான். பிறகு போத்தலிலிருந்து ஒரு சொட்டு விடுவான். கலம் துடித்தால் பக்கத்து ஒலிபெருக்கி படபடவென்று பொரியும்.

மூன்று மாதமாக அது பொரியவில்லை. இடைக்கிடை ஒரு 'டக்', அவ்வளவுதான்.

"வெள்ளிக்கிழமை பேராசிரியர் பாக்க வாறார், அக்கா," என்றான் செவ்வாயன்று. "அதுக்குள்ள இது வாய் திறக்காட்டி ஆராய்ச்சியை நிப்பாட்டிப்போடுவினம். விசாவும் அதோட சரி. கொழும்புக்குப் பிளேன் ஏறவேண்டியதுதான்."

அது தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு. சண்டை நடக்கும் நேரத்தில் கொழும்பில் இறங்கும் தமிழ் இளந்தாரிக்கு என்ன நடக்கும் என்று அவளுக்கு ஒருவரும் சொல்லத் தேவையில்லை.

"மணம் எப்பிடித் தம்பி கரண்டாகும்?"

"மயிருக்குள்ள இருக்கிற நரம்பில சின்னச் சின்னக் கதவுகள் மாதிரி இருக்கு. மணம் வந்து பட்டால்தான் திறக்கும். திறந்தவுடன உப்பு உள்ளுக்கு ஓடும். உப்பு ஓடேக்க கரண்டையும் சுமந்துகொண்டு ஓடும். காணுமான அளவு ஓடினால் கலம் துடிக்கும்."

"அப்ப உம்மட கதவு பூட்டிக் கிடக்கு."

"ஓம். என்ர கைதான் சரியில்லையாக்கும்."

"மீசையை வெட்டுவீர், றாலை மட்டும் தொடமாட்டீர். அந்தக் கோபம் அதுக்கு."

"மீன் மச்சம் தொடமாட்டன் எண்டு அம்மாவுக்குச் சத்தியம் பண்ணிப்போட்டு வந்தனான். மீசை இடுக்கியாலதானே!"

"நல்ல சைவம்!" என்று அவள் சிரித்தாள்.

புதன்கிழமை காலை, உறைந்த றாலை இளகவிட்டு வெட்டிப் பிசைந்து கழுவிக்கொண்டிருந்தாள். வேலைக்கு வந்த முதற்கிழமை, நடைபாதையில் ஒருத்தி அவளைக் கடக்கும்போது மூக்கைப் பொத்தினாள். மனோர் பார்க்கில் அவள் குடியிருந்த வீட்டுக்காரியும் மீன் சமைத்தால் கதவைத் தட்டுவாள். அதனால் ஊறப்போடுவதற்கு முன் ஐந்து தண்ணீரில், மீன் வெடுக்கு நாற்றம் போகும்வரை, கறிச்சட்டிக்குக் கழுவுவதைவிடத் திறமாகக் கழுவுவாள். அதைப் பிழை என்று எப்படி நினைப்பாள்?

அன்று முதல் தண்ணீரை ஊற்றும்போது கை தவறிப் பக்கத்துத் தொட்டிக்குள் கொஞ்சம் சிந்திவிட்டது. மூலையில் ஒடுங்கிக் கிடந்த சிங்கறாலின் குட்டி மீசைகள் விசுக் விசுக்கென்று அடிக்கத் தொடங்கின. அது எழுந்து சிந்திய இடத்தைத் தேடி வந்தது.

அருள்நாயகி அடுத்த தொட்டிக்குப் போனாள். குழாய்த் தண்ணீர் ஒரு கரண்டி விட்டாள். சிங்கறால் அசையவில்லை. முந்தின போத்தலுக்கு வடித்ததில் மிஞ்சியிருந்ததிலிருந்து ஒரு கரண்டி விட்டாள். மீசை ஒருதரம் ஆடி அடங்கியது. கழுவின தண்ணீரில் ஒரு கரண்டி விட்டதும் அதுவும் பாய்ந்து வந்தது.

வாளியைக் கவிழ்த்து அதன்மேல் இருந்தாள். சொன்னால் வேலை போகலாம். சொல்லாவிட்டால் ஒருவருக்கும் தெரியப்போவதில்லை. மேலே ஆய்வுகூடத்தில் அந்தப் பிள்ளை தன் கையைக் குறை சொல்லிக்கொண்டு இருக்கிறான்.

படியேறினாள்.

"தம்பி, றாலைக் கழுவிப்போட்டுத்தான் ஊறப்போடுறனான்."

"கழுவத்தானே வேணும்?"

"அஞ்சு தண்ணி. வெடுக்கெல்லாம் போகும்வரைக்கும்."

அவனுக்கு விளங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. வீட்டில் றால் கழுவுவதைக் கண்டறியாதவன்.

"மூண்டு மாசம், அக்கா!" என்றான். யன்னல் பக்கம் திரும்பி நின்றான். அவளும் போகாமல் நின்றாள்.

"கழுவாமல் ஒரு போத்தல் தரேலுமோ?" என்றான் கடைசியில், திரும்பாமலே.

பின்னேரம் அவள் பக்கத்தில் நிற்க, அந்தப் போத்தலிலிருந்து ஒரு சொட்டு விட்டான். ஒலிபெருக்கி சூடான தாச்சியில் கடுகு போட்டதுபோல் பொரிந்தது. பாலேந்திரா அழுதானோ சிரித்தானோ, அவள் பார்க்கவில்லை. பழைய போத்தலை வெளியே எறிய எடுத்தாள்.

"ஐயோ, வையுங்கோ!" அவன் பறித்தான். அதிலிருந்து ஒரு சொட்டு விட்டான். சத்தம் இல்லை. மறுபடி புதியது. பொரிந்தது. "ரெண்டும் ஒரே றால், ஒரே கலம். கழுவினதில போனதுதான் கதவைத் திறக்குது. மூண்டு மாசமும் வீண் இல்லை அக்கா, அது ஒப்பிட்டுப் பாக்கிற பாதி." கொப்பியை விரித்தான். "எத்தினை தண்ணி, எவ்வளவு நேரம்? பிழையை மறைக்கேலாது, உள்ளபடி சொல்லுங்கோ."

சொன்னாள். அவன் அவள் பெயரையும் எழுதினான்.

வெள்ளிக்கிழமை பேராசிரியர் வந்தார். கொப்பியை வாசித்தார், இரண்டு சொட்டையும் கேட்டார், மறுபடி கேட்டார். "இன்னும் ஒரு வருடம் செய்யலாம்," என்றார். கழுவினது யார் என்று கேட்டார். பாலேந்திரா அருள்நாயகியைக் காட்டினான். அவர் புதிய போத்தலைத் திறந்து முகர்ந்து, மூக்கைப் பொத்திக்கொண்டு ஓரடி பின்னால் போனார்.

மற்ற நாளென்றால் அருள்நாயகி ஓடிப்போய் மூடியிருப்பாள். அன்று மூடியைக் கையில் வைத்துக்கொண்டே நின்றாள்.