சிவப்புக் கொக்கி, சிவப்புக் கம்பி

என் இரண்டு கண்கள் மேலும், வாயில் மிச்சமிருக்கும் ஏழு பற்கள் மேலும் ஆணையாகச் சொல்கிறேன்: இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. இருந்தால் அந்த ஏழும் இன்றே கொட்டிப் போகட்டும்.

என் மைத்துனன் தையல்காரன். எங்கள் வீட்டுப் பின்னறை மேல் அவனுக்குக் கண். இரண்டு மெஷின் போட அந்த அறையே வேண்டுமாம். இருபத்திரண்டு வருடமாக நான் மாதிரி விமானம் கட்டும் அறை. அவன் அக்கா, அதாவது என் மனைவி, ஒருநாள் கரண்டியும் கையுமாக வந்து தீர்ப்புச் சொன்னாள்.

"மூணு வருஷமா போட்டிக்குக் கொண்டுபோனதைச் சாக்குல அள்ளிக்கிட்டு வர்றீங்க. இந்தத் தடவை முழுசாப் போய் முழுசா வரணும். இல்லேன்னா ரூம் தம்பிக்கு. அவனும் கூட இருந்து கட்டட்டும். அப்புறம் ஒருத்தர் மேல ஒருத்தர் பழி போடக் கூடாது."

இந்த விமானத்துக்கு ரிமோட் கிடையாது. கையில் ஒரு பிடி, அதிலிருந்து இரண்டு மெல்லிய எஃகுக் கம்பிகள், மறுமுனையில் விமானம். நாம் நடுவில் நின்று சுற்ற, அது நம்மைச் சுற்றிப் பறக்கும். சூட்சுமம் இறக்கைக்குள் இருக்கிறது. அங்கே ஒரு சின்னத் தகடு, நடுவில் ஆணி குத்தி ஆடும்படி வைத்திருப்போம். கம்பிகள் அதன் இரண்டு முனைகளை இழுக்கும். மூன்றாவது முனை வால் மடலை அசைக்கும். அந்த மூன்றாவது முனை வலப்பக்கம் பார்க்க வேண்டும். இடப்பக்கம் பார்த்தால், ஏறச் சொன்னால் இறங்கும்.

நான் பல் டாக்டரிடம் போய்விட்டு வருவதற்குள் அவன் தகட்டைப் பொருத்தி, இறக்கையையும் மூடி ஒட்டிவிட்டான்.

"யார்றா மூடச் சொன்னது?"

"பசை காஞ்சிடும்னு நானே மூடிட்டேன் அத்தான். தையல் போட்ட மாதிரி இருக்குல்ல?"

"மூணாவது முனை எந்தப் பக்கம் பாத்துது?"

யோசித்தான். "ஜன்னல் பக்கம்."

"ஜன்னல் எந்தப் பக்கம்டா இருக்கு?"

"அது நீங்க எங்க நிக்கிறீங்கங்கறதைப் பொறுத்து அத்தான்."

ஜன்னல் இடப்பக்கம் இருந்தது. கோபத்தில் உச்சந்தலை கொதித்தது என்று மற்றவர்கள் பேச்சுக்குச் சொல்வார்கள். நான் ஒரு கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றித் தலையில் வைத்தே பார்த்தேன். நான்கு நிமிடத்தில் கொதித்தது. அவன் வேண்டுமென்றே செய்த வேலை என்று எனக்குச் சந்தேகமே இல்லை. அன்றோடு பேச்சை முறித்துக்கொண்டேன். அவனும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான்.

இறக்கையைப் பிளந்தால் போட்டி போச்சு. ஆனால் வேறு வழி இருந்தது. இறக்கை நுனியில் இரண்டு கொக்கிகள் நீட்டிக்கொண்டிருக்கும். சிவப்பு ஒன்று, கறுப்பு ஒன்று. கைப்பிடிக் கம்பிகளின் நுனியிலும் அப்படியே. மைதானத்தில் சிவப்பைச் சிவப்பில் மாட்ட வேண்டும். நான் ஒருவருக்கும் தெரியாமல் கம்பி நுனிகளின் நிறத்தை மாற்றிப் பூசினேன். கம்பிகள் இடம் மாறி மாட்டப்படும்; இனி ஏறச் சொன்னால் ஏறும். அதே அறையில், எனக்குத் தெரியாமல், அவன் கொக்கிகளின் நிறத்தை மாற்றிப் பூசியிருந்தான். தன் தப்பைத் தானே திருத்துகிற யோக்கியனாம்! இரண்டு திருத்தமும் சேர்ந்து, பழைய தப்பு பத்திரமாகத் திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டது.

போட்டி நாள் வந்தது. பறக்கும் முன் ஒரு வழக்கம் உண்டு. நடுவில் நிற்பவன் "மேல?" என்று கேட்டுப் பிடியைச் சாய்ப்பான், விமானத்தைப் பிடித்திருப்பவன் வாலைப் பார்த்து "மேல" என்பான். நாங்கள்தான் பேசுவதில்லையே. நான் அவனை முறைத்தேன். அவன் என்னை முறைத்தான். விமானத்தை விட்டான்.

பிடியை மேலே சாய்த்தேன். மூக்கு தரையைப் பார்த்தது. வெடுக்கென்று கீழே சாய்த்தேன். செங்குத்தாக ஏறி அப்படியே மல்லாந்தது. மல்லாந்ததும் எல்லாம் நேரானது. மேலே என்றால் மேலே, கீழே என்றால் கீழே. ஆக, தலைகீழாகவே சுற்ற ஆரம்பித்தது.

"என்னடா பண்ணித் தொலைச்சே?"

"கொக்கி கலரை மாத்தினேன் அத்தான், உங்களுக்காக!"

"நான் கம்பி கலரை மாத்தினேன்டா, வீணாப்போனவனே!"

"சொல்லியிருக்கலாம்ல?"

"நீ சொல்லியிருக்கலாம்லடா!"

டாங்கில் ஐந்து நிமிடத்துக்குத்தான் எண்ணெய். அது தீர்ந்த பிறகும் இன்ஜின் நிற்கவில்லை. என் வசவில் ஓடியது. நான் மூச்சு வாங்கினால் அது இருமும். மைத்துனன் அதைக் கவனித்துவிட்டான்.

"அத்தான், அந்த ரூமுக்குப் பச்சை பெயிண்ட் அடிக்கலாம்னு இருக்கேன்!"

இன்ஜின் உறுமியது.

"உங்க ரம்பம், உளி எல்லாம் பழைய இரும்புக்காரன்கிட்ட பேசி வச்சிருக்கேன்!"

விமானம் மேகத்தைத் தொட்டது. கம்பி எட்டாத உயரம்தான். எஃகு சூடேறி நீண்டுகொண்டது. நாற்பது நிமிடம். நடுவர்கள் பசி தாங்காமல் வீட்டுக்குப் போனார்கள். என் குரல் கட்டிய பிறகே அது இறங்கி, புல்லில் முதுகைச் சாய்த்துப் படுத்தது. ஒரு கீறல் இல்லை.

வீட்டில் என் மனைவி அதை மடியில் போட்டு, திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"முழுசாத்தான் இருக்கு," என்றாள்.

"அப்போ ரூம் எனக்குத்தானே?" என்றேன்.

"என்னாலதான் முழுசா வந்துச்சுக்கா," என்றான் அவன்.

"உன்னாலதான்டா தலைகீழாப் பறந்துச்சு!"

"ஒரே ரூம்ல உக்காந்து ஒரு வார்த்தை பேசத் தெரியல, ரெண்டு பேருக்கும் ரூம் ஒரு கேடா?" என்று சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். இப்போது மத்தியான வேளைகளில் அவள் அதில் தூங்குகிறாள். நாங்கள் இருவரும் வெளியே நின்று பல்லைக் கடிக்கிறோம்.

ஒன்றை மட்டும் சொல்ல மறந்துவிட்டேன்: நின்ற இடத்தில் மூன்று சுற்றுச் சுற்றினாலே எனக்கு வாந்தி வந்துவிடும்; அதனால் இந்த வயது வரை நான் அந்தக் கைப்பிடியைத் தொட்டதில்லை.