பதினெட்டு ஷில்லிங் விசை

ஒரு பவுன், பதினோரு ஷில்லிங், நான்கு பென்ஸ். கடைக்காரர் லெமுவெல் ஸ்டாடர்டுக்கு ஆசகேல் ரூட் தர வேண்டிய கடன் அவ்வளவுதான். அதிலும் வாங்கிய பொருளின் விலை பதினெட்டு ஷில்லிங்தான். மிச்சமெல்லாம் வழக்குச் செலவு. தன்மேல் வழக்குப் போட்டதற்குத் தானே கூலி கொடுக்க வேண்டும் என்பதை நினைக்க நினைக்க ஆசகேலுக்கு வயிறு எரிந்தது. அடுத்தவன் வயலுக்கு வேலி கட்டக் கல் சுமக்கும்போதும் எரிந்தது, ராத்திரி சோளக்கூழ் குடிக்க உட்கார்ந்தாலும் எரிந்தது.

வாங்கிய பொருள் ஒரு துப்பாக்கி விசை. சுத்தியல் மாதிரி விழும் வாயில் ஒரு சக்கிமுக்கிக் கல். அது போய் உராய ஓர் எஃகு முகம். உராய்ந்த பொறி விழ ஒரு சின்ன வெடிமருந்துக் கிண்ணம். விசை இல்லாவிட்டால் துப்பாக்கி வெறும் ஊதுகுழல்.

மற்றதையெல்லாம் அவனே சேர்த்திருந்தான். குழல், இங்கிலாந்து ராஜாவோடு நடந்த சண்டையில் அவன் சுமந்த பிரெஞ்சுத் துப்பாக்கியினுடையது. வாய்ப்பக்கம் வெடித்திருந்ததை ஒரு சாண் வெட்டி எறிந்துவிட்டு அரத்தால் சமன் செய்திருந்தான். அடியில் பதித்த பித்தளைத் தகடு, ஆற்றில் மூழ்கிச் செத்த ஒருவனின் இங்கிலீஷ் துப்பாக்கியினுடையது. அவன் பெண்டாட்டிக்கு மூன்று நாள் விறகு பிளந்து கொடுத்து வாங்கியது. கட்டை மட்டும் புதிது. இடி விழுந்த மேப்பிள் மரத்தில் ஒரு குளிர்காலம் முழுக்கச் செதுக்கியது. கடைசியில் விசைக்குத்தான் கடைக்குப் போக வேண்டியிருந்தது.

"புது இங்கிலீஷ் விசை. போன கப்பல்ல வந்தது" என்று சொல்லித்தான் ஸ்டாடர்ட் கொடுத்தார். பளபளவென்று இருந்தது. வீட்டுக்கு வந்து திருகைக் கழற்றி உள்பக்கம் பார்த்தபோதுதான் ராஜாவின் கிரீட முத்திரையை அரத்தால் தேய்த்து எடுத்திருந்த தடம் தெரிந்தது. பழைய பட்டாளத்து விசை. எஃகு முகத்தின் மேல்தோல் தேய்ந்து உள்ளே மெத்து இரும்பு எட்டிப் பார்த்தது. ஐந்து தடவை அடித்தால் இரண்டு தடவை பொறி வரும். நவம்பரில் ஒரு மான் இருபது அடியில் நின்று, விசை மூன்று முறை 'டிக், டிக்' என்று செத்துப் போனதைக் கேட்டுவிட்டு, அவசரமே இல்லாமல் நடந்து போனது. அந்தக் குளிர்காலம் வீட்டில் இறைச்சி இல்லை.

திருப்பிக் கொடுக்கப் போனான். நீ கையாண்டு கெடுத்துவிட்டாய் என்றார் ஸ்டாடர்ட். பிறகு கோர்ட்டில் தன் கணக்கு ஏட்டின்மேல் கை வைத்துச் சத்தியம் செய்தார்: புது விசை, ஒன்று, பதினெட்டு ஷில்லிங். கல் சுமக்கிறவனின் வாயையும் கடைக்காரரின் ஏட்டையும் எதிரெதிரே வைத்தால் நீதிபதி எதை நம்புவார்?

ஏப்ரலில் ஜப்தி செய்ய ஆள் வந்தான். பெரிய செம்பு அண்டாவை முதலில் பார்த்தான், அது கீழே பொத்தல். சுவரில் மாட்டியிருந்த துப்பாக்கியைப் பார்த்தான்.

"அதத் தொட முடியாது. ஊர்ப் படையணிக்குக் காட்டுற துப்பாக்கிய எந்தக் கடனுக்கும் எடுக்கக் கூடாது, சட்டம் இருக்கு" என்றான் ஆசகேல்.

வந்தவனுக்கும் அது தெரியும். ஊரில் உடம்பு நேராக நிற்கும் ஆண்பிள்ளை ஒவ்வொருவனும் சொந்தத் துப்பாக்கியோடு மே மாதம் முதல் செவ்வாய் மைதானத்தில் வரிசையில் நிற்க வேண்டும். அந்தத் துப்பாக்கிக்கு மட்டும் அந்தப் பாதுகாப்பு. ஆனால் துப்பாக்கி தேறியதா என்று பார்த்துச் சொல்வது அணியின் கேப்டன். கேப்டன் யார்? அதே லெமுவெல் ஸ்டாடர்ட். கேப்டன் தேர்தலன்று ரம் பீப்பாயைத் திறந்து வைத்தார், ஊரே கை தூக்கியது. ஆசகேலும் தூக்கியவன்தான். அந்தக் கையை நினைத்தாலும் அவனுக்கு எரிந்தது.

தேறாத துப்பாக்கி வெறும் சாமான். மறுநாளே எடுத்துக்கொண்டு போகலாம்.

செவ்வாய்க்கிழமை காலை அவன் மனைவி கெசையா ரொட்டியைத் துணியில் முடிந்துகொண்டே, கொல்லன் சைலஸிடம் ஒரு துப்பாக்கியை இரவல் வாங்கிக்கொண்டு போகச் சொன்னாள். ஊரில் பாதிப் பேர் அப்படித்தான் செய்தார்கள். இரவல் துப்பாக்கியைக் காட்டினால் சொந்தத் துப்பாக்கிக்குப் பாதுகாப்பு போய்விடும், அதற்குத்தான் ஜப்தி ஆள் காத்திருக்கிறான் என்றான் ஆசகேல்.

"அப்ப அந்த எஃகு முகத்தயாவது சரி பண்ணியிருக்கலாம்ல? சைலஸ் பழைய ரம்பத்துண்டு வச்சு ஒட்டித் தர்றேன்னு எத்தன தடவ சொன்னாரு."

"அவன் கெடுத்து வித்தத நான் காசு போட்டுச் சரி பண்ணணுமா?"

"ரெண்டு ஷில்லிங். ரெண்டே ரெண்டு. உங்க கோவத்த உப்புப் போட்டு வச்சா இந்த வீட்டுக்கு மூணு குளிர்காலம் காணும்."

அவன் துப்பாக்கியைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினான். அவள் சொன்னது சரி என்பதால் கோபம் இன்னும் ஏறியது.

மைதானத்தில் எண்பது பேர். முரசு அடித்தது. இஞ்சி ரொட்டி விற்கிறவள் ஓரத்தில் கூடையை இறக்கியிருந்தாள். ஸ்டாடர்ட் நீலக் கோட்டும் வாளுமாக வரிசையில் வந்தார். பின்னால் அணியின் எழுத்தர் ஜேபஸ், புத்தகமும் கழுத்தில் கட்டிய மைக்கூடுமாக. மற்றவர்களுக்கு ஒரு பார்வை, ஒரு தலையாட்டல். ஆசகேலிடம் வந்ததும் நின்றார். துப்பாக்கியை வாங்கி எல்லோருக்கும் தெரியும்படி தூக்கிப் பிடித்தார்.

"பிரெஞ்சுக் குழல், இங்கிலீஷ் பித்தள, இடி விழுந்த மரம். ஏன் ரூட், இதுக்கு அப்பன் எத்தன பேரு?"

வரிசை சிரித்தது. ரம் குடித்தவர்கள் கொஞ்சம் கூடவே சிரித்தார்கள். ஆசகேலின் காது சுட்டது.

ஸ்டாடர்ட் விசையை இழுத்து விட்டார். பொறி வந்தது. அடுத்தது இல்லை. அடுத்ததும் இல்லை. நான்காவதில் வந்தது. ஐந்தாவது செத்தது. ஐந்தில் மூன்று வந்தாக வேண்டும் என்பது அணியின் வழக்கம்.

"தேறல. ஜேபஸ், எழுது" என்றார்.

"என்ன தேறலன்னு சொல்லிட்டு எழுதச் சொல்லுங்க, கேப்டன்" என்றான் ஆசகேல். "குழலா? கட்டையா?"

எண்பது பேர் பார்க்கிறார்கள். தனக்குத் துப்பாக்கி தெரியும் என்று காட்டுவதில் ஸ்டாடர்டுக்குக் கொள்ளை ஆசை. மருந்து திணிக்கும் கோலை உருவிக் குழலுக்குள் போட்டார். கணீரென்று மணி மாதிரி ஒலித்தது. குழலில் குறையில்லை என்றார். கட்டையைத் தட்டிப் பார்த்து அதிலும் குறையில்லை என்றார். பிறகு எஃகு முகத்தை நகத்தால் சுரண்டினார்.

"விசைதான். பாலாடைக்கட்டி மாதிரி இருக்கு. சண்ட முடியறதுக்கு முன்னாடியே செத்த விசை இது."

ஜேபஸ் அப்படியே எழுதினான். அவன் சொன்னதைச் சொன்னபடி எழுதுகிற ஆள்.

"வாசி, ஜேபஸ்" என்றான் ஆசகேல். ஜேபஸ் உரக்க வாசித்தான்: ஆசகேல் ரூட், குழல் நன்று, கட்டை நன்று, விசை பாலாடைக்கட்டி, சண்டை முடியும் முன்பே செத்தது.

ஆசகேல் பையிலிருந்து திருப்புளியை எடுத்தான். இரண்டு திருகுகளையும் கழற்றி விசையை உருவினான். நடந்து போய் முரசின் தோல்மேல் அதை வைத்தான். சத்தம் மைதானம் முழுக்கக் கேட்டது.

"இது உங்க கடை விசை. போன வருஷம் புதுசுன்னு கோர்ட்ல சத்தியம் பண்ணுனீங்க. இன்னிக்கு அதிகாரியா நின்னு, சண்ட முடியறதுக்கு முன்னாடியே செத்ததுங்கிறீங்க. ரெண்டுல எது பொய்யின்னு சொல்லுங்க, ஜேபஸ் அதையும் எழுதிக்கட்டும்."

ஒருவரும் சிரிக்கவில்லை. ஸ்டாடர்ட் குரலைத் தாழ்த்தி, போகட்டும், துப்பாக்கி தேறியதாக வைத்துக்கொள்ளலாம், வரிசைக்குப் போ என்றார்.

"எழுதின மை காஞ்சிருச்சு, கேப்டன்" என்றான் ஆசகேல்.

"விசையில்லாம நிக்கிற. அபராதம் ஒம்பது ஷில்லிங் விழும், தெரியுமா?"

"விழட்டும். ஊருக்குக் கல் சுமந்து கழிக்கிறேன். உங்களுக்கு ஒரு கல்லும் சுமக்க மாட்டேன்."

அதற்குள் வரிசையில் நாலைந்து பேர் தங்கள் விசைகளைக் குனிந்து பார்க்க ஆரம்பித்திருந்தார்கள். கொல்லன் சைலஸ் பக்கத்து ஆளின் விசையைக் கழற்றி உள்பக்கம் கட்டை விரலை ஓட்டி, "ஏம்ப்பா, இதுலயும் கிரீடத்த அரம் போட்டிருக்கே" என்றான். அந்த ஆள் தலையைத் தூக்கி, "என்னோடதும் உங்க கடைதான், கேப்டன்" என்றான். இன்னொருவனும் சொன்னான். வரிசை, வரிசையாக இல்லாமல் போனது.

ஸ்டாடர்டின் முகம் மெழுகாகிவிட்டது. ஆசகேலின் விஷயத்தை இங்கேயே முடித்தால் மற்றது அடங்கும் என்று நினைத்திருப்பார். மைதானத்தை ஒட்டித்தான் கடை. அவரே போய் ஏட்டை எடுத்துவந்து முரசின்மேல் விரித்தார். பதினெட்டு ஷில்லிங்கைத் தள்ளிவிடுவதாகச் சொன்னார்.

"எல்லாத்தயும். வழக்குச் செலவோட" என்றான் ஆசகேல். "ஒரு பவுன், பதினோரு ஷில்லிங், நாலு பென்ஸ்."

கெசையாவுக்கு என்ன பதில் சொல்வது, வரும் குளிர்காலத்துக்கு விசை எங்கே தேடுவது என்பதெல்லாம் அவனுக்குத் தெரியாது. இருபது அடியில் நின்ற அந்த மான் கண்ணுக்குள்ளேயே நின்றது. கோபம் ஓர் இம்மியும் இறங்கவில்லை.

ஜேபஸ் இறகுப் பேனாவை நீட்டினான். ஸ்டாடர்ட் ஆசகேலின் மொத்தக் கடனையும் காட்டிய வரியின் குறுக்கே ஒரு கோடு இழுத்தார். மை மங்கலாக, கோடு மயிரிழையாக விழுந்தது.

"அழுத்திக் கிழிங்க" என்றான் ஆசகேல்.

பேனாவை மறுபடி மையில் தோய்த்து, தாள் கிழியும் அளவுக்கு அழுத்தி, ஸ்டாடர்ட் இன்னொரு கோடு போட்டார்.